மடிப்புகளின் வரலாறு

மனித உடலின் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் அகலமோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். வியந்துவிட்டுக் கடந்தும் போகிறோம். உண்மையான கேள்வி அந்த வியப்பு அடங்கிய பிறகுதான் எழுகிறது. இடத்துக்குள் அடக்குவது மட்டும் நோக்கமென்றால் எப்படியாவது கசக்கித் திணித்துவிடலாம். செல்லுக்கு அது போதாது. கல்லீரல் செல்லுக்குக் கல்லீரலின் மரபணுக்கள் எட்டும்படி இருக்க வேண்டும். நரம்புக்குரியவை எட்டாமல் இருக்க வேண்டும். செல் பிரியும் வேளையில் ஓர் இழைகூடச் சிக்காமல் இரு பக்கமும் போய்ச் சேர வேண்டும். எதைத் திறப்பது, எதை வாழ்நாள் முழுக்க மூடியே வைப்பது என்று ஒவ்வொரு செல்லும் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த மடிப்பில்தான் இருக்கின்றன.

இந்த முடிவுகளை எல்லா விலங்குகளும் ஒரே விதமாகவா எடுக்கின்றன? கடந்த அரை நூற்றாண்டின் ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று மேலும் மேலும் உறுதிப்படுகிறது. ஒரு விலங்கை மட்டும் பார்க்கிறவரை, அதன் மடிப்பின் ஒவ்வொரு கூறும் உயிரின் விதி போலவே தோன்றும். பல விலங்குகளைப் பக்கத்தில் நிறுத்தினால் அந்த விதிகளில் பெரும்பாலானவை கரைந்து, அந்தந்த வம்சத்தின் வரலாறு என்று ஆகிவிடும். எது விதி, எது வரலாறு என்று பிரித்தறிய ஒப்பீட்டைத் தவிர வேறு வழி நமக்கு வாய்க்கவில்லை.

விதி என்று துணிந்து சொல்லத்தக்கது அடித்தளத்தில் இருக்கிறது. 1884-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசெல் பறவையின் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து ஹிஸ்டோன் என்று பெயரிட்டார். மாட்டு இரத்தத்தை எடுத்திருந்தால் அது கிடைத்திருக்காது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணு உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, பறவையின் சிவப்பணு கடைசிவரை வைத்திருக்கிறது. இத்துறையின் முதற்புரதமே, சரியான விலங்கிடம் போனதால் கைக்கு வந்தது. அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பது துலங்க இன்னும் 90 ஆண்டுகள் ஆயின. 1974-இல் அடா ஒலின்ஸ், டொனால்ட் ஒலின்ஸ் தம்பதி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மணி கோத்தது போன்ற இழைகளைக் காட்டினார்கள். அதே ஆண்டில் ரோஜர் கோர்ன்பெர்க் அந்த மணியின் அமைப்பை முன்வைத்தார்: நான்கு வகை ஹிஸ்டோன்கள், வகைக்கு இரண்டாக எட்டு சேர்ந்த ஒரு திரள், அதோடு டி.என்.ஏ. அந்தத் திரள் ஓர் உருளை என்பதும், அதன்மேல் இழை ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று சுற்றிக்கொள்கிறது என்பதும் பின்னர் தெரிந்தன. ஒரு சுற்றுக்கட்டில் அடங்குவது 147 கார இணைகள். இதுதான் நியூக்ளியோசோம். மனிதச் செல் ஒன்றில் இப்படி ஏறக்குறைய 3 கோடி மணிகள் இருக்கின்றன.

இந்த மணி அசைக்க முடியாதது. நான்கு ஹிஸ்டோன்களில் ஒன்றான எச்4, பட்டாணிச் செடியிலும் கன்றுக்குட்டியிலும் 102 அமினோ அமிலங்கள் கொண்டது. இரண்டையும் 1969-இல் ஒப்பிட்டபோது வேறுபாடு இரண்டே இடங்களில்தான் இருந்தது. தாவரமும் விலங்கும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அத்தனை காலமும் இந்தப் புரதத்தில் ஏற்பட்ட மாற்றங்களை இயற்கை ஏறக்குறைய ஒவ்வொன்றாக நிராகரித்துவந்திருக்கிறது. 1997-இல் டிமோத்தி ரிச்மண்டின் குழு நியூக்ளியோசோமின் அணுவளவிலான படத்தை வெளியிட்டது. அந்தப் படிகத்தில் இருந்தவை தவளையின் ஹிஸ்டோன்களும் மனிதக் குரோமோசோமைச் சேர்ந்த டி.என்.ஏ. வரிசையும். தவளையின் புரதம் மனிதனின் மரபிழையைத் தன்னுடையதைப் போலவே சுற்றி ஏந்திக்கொண்டது. இழையின் நீளம் எவ்வளவு மாறினாலும் மணி மாறுவதில்லை. ஃபுகு என்ற பேத்தை மீனின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 40 கோடி கார இணைகள். தென் அமெரிக்க நுரையீரல் மீனுடையது 9,100 கோடி, மனிதனுடையதைப் போல 30 மடங்கு. சிறியதிலும் பெரியதிலும் அதே மணிதான், அதே சுற்றுதான்.

ஆனால் இந்த விதியிலும் ஒரு விலக்கு உண்டு. அது விந்தணு. 1869-இல் டி.என்.ஏ.வை முதன்முதலில் பிரித்தெடுத்த ஃபிரீட்ரிக் மீஷர், பின்னர் பாசெல் நகரில் ரைன் நதியின் சால்மன் மீன்களை ஆராய்ந்து, 1874-இல் அவற்றின் விந்தணுவில் புரோட்டமினைக் கண்டார். சால்மனின் புரோட்டமின் முப்பது சொச்சம் அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். அதில் மூன்றில் இரண்டு பங்கு அர்ஜினின். அர்ஜினினின் நேர்மின்னேற்றம் டி.என்.ஏ.வின் எதிர்மின்னேற்றத்தை இறுக்கிப் பிடிக்க, இழை மணிகளைக் கைவிட்டு இன்னும் நெருக்கமாக அமுங்கிவிடுகிறது. அந்த நிலையில் எந்த மரபணுவும் வாசிக்கப்படுவதில்லை. கருமுட்டைக்குள் நுழைந்த பிறகுதான் முட்டையின் சேமிப்பிலுள்ள ஹிஸ்டோன்கள் வந்து மறுபடி மணிகளைக் கட்டுகின்றன.

மனிதனையும் எலியையும் சால்மனையும் மட்டும் பார்த்தால், ஹிஸ்டோனை உதறுவது விந்தணுவாக இருப்பதன் நிபந்தனை என்றே முடிவு செய்வோம். ஜீப்ரா மீனின் விந்தணுவில் புரோட்டமினே இல்லை. ஹிஸ்டோன்களை முழுதாக வைத்துக்கொண்டே அது நீந்துகிறது, கருவுறச் செய்கிறது. மனித விந்தணுவிலும் சிறு பங்கு ஹிஸ்டோன்கள் எஞ்சியிருக்கின்றன. எச்4 நூறு கோடி ஆண்டுகளாகப் பிடிவாதமாக மாறாமல் இருக்க, புரோட்டமின் நெருங்கிய இனங்களுக்கிடையிலேயே வேகமாக மாறிவிடுகிறது. ஒரே இழையை ஏந்தும் இரண்டு புரதங்களில் ஒன்றை இயற்கை விதியாக்கிவிட்டது. மற்றதைச் சோதனைக்கு விட்டுவைத்திருக்கிறது.

மணிகளைத் தாண்டி மேலே போகப் போக வரலாற்றின் கை ஓங்குகிறது. குரோமோசோம்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். கேளையாடு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சிறு மான். நாய் போலக் குரைப்பதால் குரைக்கும் மான் என்றும் சொல்வார்கள். 1970-இல் டோரிஸ் வுர்ஸ்டரும் கர்ட் பெனிர்ஷ்கேயும் இந்தியக் கேளையாட்டின் குரோமோசோம்களை எண்ணியபோது பெண்ணில் 6, ஆணில் 7 மட்டுமே இருந்தன. பாலூட்டிகளில் இதைவிடக் குறைவான எண்ணிக்கை அறியப்படவில்லை. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. உருவில் இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை. அடைப்பிடத்தில் கூடிக் கலப்புக் குட்டி ஈன்றதும் உண்டு. மரபுத்தொகுதியின் அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. இந்தியக் கேளையாட்டின் முன்னோர்களில் குரோமோசோம்கள் ஒன்றின் முனை இன்னொன்றோடு ஒட்டி, ஒட்டியது மேலும் ஒட்டி, சில பெரும் குரோமோசோம்களாகிவிட்டன.

இந்த இரண்டு மான்களின் மரபுத்தொகுதிகளையும் 2020-இல் முப்பரிமாண மடிப்போடு சேர்த்து ஒப்பிட்டார்கள். உட்கருவுக்குள் தொலைதூரப் பகுதிகள் எவை எவற்றோடு நெருங்கியிருக்கின்றன என்பது, ஒட்டுகளால் பெரிதும் மாறியிருந்தது. ஆனால் ஒட்டு விழுந்த இடத்தின் அருகில்கூட, உள்ளூர் இறுக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பெரிய அமைப்பு தலைகீழாகப் புரண்டாலும் சின்ன அமைப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 46 என்பது நமக்கு மனிதத்தன்மையின் எண் போலப் பழகிவிட்டது. ஆனால் எண்ணிக்கை என்பது பெரும்பாலும் விபத்துகளின் பதிவேடு. உயிர் அதைப் பொறுத்துக்கொள்கிறது. அதன்மேல் சாய்ந்து நிற்பதில்லை.

பிரியாத செல்லின் உட்கருவில் குரோமோசோம்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இதற்கு இரண்டு விடைகள் இருந்தன. 1885-இல் கார்ல் ராபிள் சாலமாண்டர் செல்களை வரைந்து, குரோமோசோம்களின் இடுப்புப் பகுதிகள் ஒரு பக்கமும் முனைகள் எதிர்ப்பக்கமும் திரண்டிருப்பதாகச் சொன்னார். தியோடோர் போவேரி உருளைப்புழுக்களைப் பார்த்து, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் உட்கருவில் தனி எல்லை உண்டு என்றார். யார் சொன்னது சரி என்று கேட்டிருந்தால் அந்த விவாதம் முடிந்தே இருக்காது. 2021-இல் 24 இனங்களின் மடிப்பு வரைபடங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இரண்டு வகைகளும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வம்சங்கள் பலமுறை மாறியும் இருந்தன. கண்டென்சின்-II என்ற புரதக் கூட்டின் உறுப்புகளை இழந்த இனங்களில் ராபிள் கண்டதை ஒத்த அமைப்பு. அதை முழுதாக வைத்திருக்கும் இனங்களில், நம்மிலும்தான், தனித்தனி எல்லைகள் மேலோங்கியிருந்தன. மனிதச் செல்லில் கண்டென்சின்-IIஐ நீக்கியபோது இடுப்புப் பகுதிகள் ஒன்றாகத் திரளத் தொடங்கின. மனித உட்கரு ஈயின் உட்கருவை நோக்கி நகர்ந்தது. இரண்டு அமைப்புகளுக்கும் இடையிலான தொலைவு ஒரு புரதக் கூட்டின் தொலைவுதான். ஈயும் பிழைத்திருக்கிறது, நாமும் பிழைத்திருக்கிறோம்.

ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு வம்சங்கள் வெவ்வேறு விடை கண்டதற்கு எக்ஸ் குரோமோசோமைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று என்றால், அதிலுள்ள மரபணுக்களின் விளைவு பெண்ணில் இரட்டிப்பாகிவிடும். அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தாக வேண்டும். 1949-இல் கனடாவில் முர்ரே பாரும் யூவர்ட் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண் பூனைகளில் மட்டும் உட்கருவுக்குள் ஓர் அடர்ந்த திட்டு தெரிந்தது. 1961-இல் மேரி லயன் எலிகளின் உரோம நிறத்திலிருந்து விளக்கத்தை எட்டினார்: பெண்ணின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸ்களில் ஒன்றைக் கருப்பருவத்திலேயே இறுக்கி மூடிவிடுகிறது, எது மூடப்படும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். நம் தெருவில் நடமாடும் மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாக இருப்பதற்கு இதுவே காரணம். கறுப்புத் திட்டில் ஓர் எக்ஸ் பேசுகிறது, செம்மஞ்சள் திட்டில் மற்றது.

இது பாலூட்டிகளின் பொதுவிதி என்று நினைக்கலாம். கங்காரு அப்படி இல்லை. பைம்மாப் பாலூட்டிகளில் எப்போதும் தந்தையிடமிருந்து வந்த எக்ஸ்தான் மூடப்படுகிறது. நம்மில் அந்த மூடலைத் தொடங்கிவைக்கும் எக்சிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. அவற்றிடம் இல்லை. அதே வேலையைச் செய்யும் வேறொரு ஆர்.என்.ஏ.வை, ஆர்எஸ்எக்ஸ் என்பதை, 2012-இல் ஒப்போசம் என்ற பைம்மாவில் கண்டார்கள். பழ ஈ எதிர்த்திசையில் போனது: அங்கே பெண்ணில் எதுவும் மூடப்படுவதில்லை, ஆணின் ஒற்றை எக்ஸ் இரு மடங்கு வேகத்தில் வேலை செய்கிறது. சி. எலிகன்ஸ் புழு நடுவழியைப் பிடித்தது: இரண்டு எக்ஸ்களையும் மூடாமல், இரண்டின் வேகத்தையும் பாதியாகக் குறைக்கிறது. அதற்குப் பயன்படுத்தும் கருவி, மேலே கண்ட கண்டென்சினின் உறவுக்காரக் கூட்டு ஒன்று. பறவைகளோ இத்தகைய ஏற்றத்தாழ்வை முழுமையாகச் சரிசெய்துகொள்ளாமலே வாழ்கின்றன. சரிசெய்தாக வேண்டும் என்று சில வரிகளுக்கு முன் எழுதியதைக்கூட, கோழியைப் பார்த்த பிறகு அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல முடியவில்லை.

மடிப்பு, மரபணுவோடு தொடர்பில்லாத வேலைக்கும் போய்விடக்கூடும். பெரும்பாலான செல்களில் மூடிய டி.என்.ஏ. உட்கருவின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், வாசிக்கப்படும் பகுதி உள்ளே இருக்கும். இதைப் பாடநூல்கள் பொது அமைப்பாகவே வரைகின்றன. 2009-இல் இரினா சொலோவெய் முதலானோர், இரவில் நடமாடும் பாலூட்டிகளின் விழித்திரையில் கோல் செல்கள் இதைத் தலைகீழாக்கியிருப்பதைக் காட்டினார்கள். அங்கே மூடிய பகுதி நடுவில் ஒரே திரளாகச் சேர்ந்திருக்கிறது; திறந்த பகுதி ஓரத்துக்கு வந்திருக்கிறது. பகலில் நடமாடும் பாலூட்டிகளில் வழக்கமான அமைப்பே இருக்கிறது. முதுகெலும்பிகளின் விழித்திரையில் ஒளி இந்த உட்கருக்களின் அடுக்கைக் கடந்துதான் ஒளியுணரும் பகுதியை அடைய வேண்டும். தலைகீழான உட்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய லென்சாகி, ஒளியைச் சிதறவிடாமல் அடுத்த உட்கருவுக்குக் கடத்துகிறது. எலிக்குட்டி பிறக்கும்போது அதன் கோல் செல்களும் வழக்கமான அமைப்பிலேயே இருக்கின்றன. பிறந்த சில வாரங்களில்தான் உட்கரு தன்னைத் தலைகீழாக்கிக்கொள்கிறது. இந்த மாற்றத்தைத் தடுத்த எலிகளுக்கு, மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய வேறுபாடுகளைக் காணும் திறன் குறைந்ததைப் பின்னர் அளந்து காட்டினார்கள். புரதம் செய்ய உத்தரவிடாத, யாரும் வாசிக்காத டி.என்.ஏ., ஒரு கண்ணின் ஒளியியல் பாகமாகிப் பார்வையைக் கூட்டுகிறது. இரவில் வாழ நேர்ந்த வம்சங்களின் வரலாறு உட்கருவின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

மடிப்பு எதற்கு உதவுகிறது என்பதை உடலின் வடிவத்திலேயே காட்டுவது பாம்பு. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் புரதங்களில் வேறுபாடு மிகக் குறைவு என்பதால், வேறுபாடு மரபணுக்களை இயக்கும் முறையில் இருக்க வேண்டும் என்று மேரி-கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும் 1975-இல் எழுதினார்கள். அப்படி இயக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: கை கால் வளர்வதற்கு வேண்டிய சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை, அதிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் கார இணைகள் தள்ளியிருக்கும் ஒரு சிறு பகுதிதான் இயக்குகிறது. இழை மடிந்து இரண்டும் அருகில் வந்தால்தான் அது நடக்கும். 2016-இல் எலியின் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு வேறு விலங்குகளுடையதை வைத்துப் பார்த்தார்கள். மனிதனுடையதை வைத்தபோதும், சீலகாந்த் மீனுடையதை வைத்தபோதும் எலிக்குக் கால்கள் ஒழுங்காக வளர்ந்தன. மலைப்பாம்பு, நாகம் இவற்றினுடையதை வைத்தபோது கால்கள் குட்டையாக நின்றுவிட்டன. பாம்புகளில் மட்டும் காணாமல்போன 17 கார இணைகளை மலைப்பாம்பின் வரிசையில் திரும்பச் சேர்த்ததும் கால்கள் மீண்டன. பாம்பு கால்களுக்கான மரபணுவை இழக்கவே இல்லை. அதே மரபணு அதன் உடலில் வேறு பல வேலைகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதை அந்த ஓரிடத்தில் எழுப்பும் கையைத்தான் அது இழந்தது.

மூடிவைப்பதைவிடக் கடுமையான வழி ஒன்றும் உண்டு: வீசியெறிவது. போவேரி 1887-லேயே குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவில் இதைப் பார்த்தார். கரு வளரும்போது, உடலாகப் போகும் செல்கள் தம் டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை வெட்டிக் கழிக்கின்றன. இனப்பெருக்கச் செல்களாகப் போகிறவை மட்டும் முழுத் தொகுதியையும் காக்கின்றன. தாடையற்ற மீனான கடல் லாம்ப்ரே தன் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இப்படி உடற்செல்களிலிருந்து நீக்கிவிடுகிறது. பாடும் பறவைகளில் ஒரு முழுக் குரோமோசோமே இனப்பெருக்கச் செல்களில் மட்டும் இருக்கிறது. உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அது நமக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது, லாம்ப்ரேக்குப் பொருந்தவில்லை. நம் செல்கள் பூட்டிவைக்கும் மரபணுக்களை அது செல்லைவிட்டே நீக்கிவிடுகிறது. இரண்டின் தேவையும் ஒன்றே: இங்கே வேண்டாதது இங்கே பேசக் கூடாது.

இத்தனைக்குப் பிறகு எஞ்சும் விதி என்ன? மணி விதி. திறப்பதும் மூடுவதும் வேண்டும் என்பது விதி. எதைக் கொண்டு, எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாக என்பது வம்சத்துக்கு வம்சம் வேறு. இதைச் சொல்வதில் நடைமுறைப் பொருளும் இருக்கிறது. மடிப்பைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி மனிதன், எலி, பழ ஈ, புழு, ஈஸ்ட் என்ற சில உயிர்களிலிருந்தே வந்தது. எலியில் கண்டதை மனிதனுக்கும், மனிதனில் கண்டதை உயிர் அனைத்துக்கும் நீட்டுகிறோம். எலியின் கண்ணே எச்சரிக்கிறது: எலிக்கும் அதற்கே உரிய ஒரு வரலாறு உண்டு.

2009-இல் வந்த ஹை-சி என்ற முறையால், உட்கருவில் எந்தப் பகுதி எதனருகே இருக்கிறது என்று தொகுதி முழுவதற்கும் வரைபடம் எடுக்க முடிகிறது. புதிய இனங்களின் மரபுத்தொகுதியைக் கோக்கவும் இன்று அதே முறை உதவுவதால், மடிப்பின் வரைபடமும் கூடவே கிடைக்கிறது. சைபீரிய உறைபனியில் கிடைத்த 52,000 ஆண்டுப் பழைய மாமத் யானையின் தோலிலிருந்துகூட எடுத்த அப்படி ஒரு வரைபடத்தை 2024-இல் வெளியிட்டார்கள். யானைகளைப் போலவே 28 இணைக் குரோமோசோம்கள். அந்தப் பெண் யானையின் மூடிய எக்ஸ்கூட மூடியபடியே இருந்தது.

அந்தச் சாதனை எனக்கு நம்பிக்கையைவிடப் பொறுப்பையே அதிகம் தருகிறது. இறந்த உடல் நீரற்று உறைந்து, கண்ணாடி போன்ற நிலையை அடைந்து, அத்தனை காலம் கலையாமல் இருந்தது அபூர்வத்திலும் அபூர்வம். அழிந்துபோகும் மற்ற உயிர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எலும்பிலிருந்து எழுத்து வரிசையை மீட்கலாம். கோப்பில் ஏற்றி நூறு பிரதி எடுத்தும் வைக்கலாம். எந்தத் திசுவில் எது திறந்திருந்தது, எது மூடியிருந்தது, எந்தப் புரதம் அதைப் பிடித்திருந்தது என்பதெல்லாம் செல் சிதையும்போதே போய்விடும். கேளையாடும் லாம்ப்ரேயும் ஒப்போசமும் உயிரோடு இருந்ததால்தான், விதி என்று நாம் எண்ணியவற்றில் பலவும் வரலாறே என்று தெரியவந்தது. இன்னும் யாரும் திறந்து பாராத உட்கருக்கள் காடுகளிலும் கடல்களிலும் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. மரபணு வங்கி வைத்திருக்கிறோம் என்பதை அந்த உயிர்களைக் காப்பதற்கு ஈடாகச் சொல்லும் பேச்சை இந்தத் துறையின் அறிவே மறுக்கிறது. வங்கியில் இருப்பது எழுத்துகள் மட்டும்தான். அவற்றை மடித்து வாழக் கற்ற உயிர்களைத்தான் நாம் காக்க வேண்டும்.